பிளக் மரை போனால் ஹெட்டை எடைக்குப் போட வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வாகனங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளியான கடிதம் ஒன்றில், ஸ்பார்க் பிளக் உட்காரும் துளையில் மரை போய்விட்டால் எஞ்சின் சிலிண்டரின் மேல்மூடியான அந்த சிலிண்டர் ஹெட் அத்துடன் முடிந்தது என்றும், பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அலைந்து வேறு ஹெட் தேடுவது அல்லது வண்டியையே எடைக்குப் போடுவது என்ற இரண்டைத் தவிர வேறு வழியில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் இக்கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். மரை போன ஹெட்டை முறைப்படி சரிசெய்ய முடியும். சரிசெய்த துளை பழைய துளையைவிடக் கூடுதல் வலுவுடனும் இருக்கும். ஆனால் அந்த முறை தெரியாமலோ, தெரிந்தும் அவசரத்தினாலோ செய்யப்படும் அரைகுறை வேலைகள்தாம் நல்ல ஹெட்களைப் பாழாக்குகின்றன. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

வடசென்னையில் இது சிறிய விஷயமில்லை. 1955-இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் புல்லட் வண்டிகளை உருவாக்கியது திருவொற்றியூரில்தான். அந்தக் கால வண்டிகளைப் பிள்ளைகளைப் போல வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இன்றும் இப்பகுதியில் இருக்கிறார்கள். அவர்களை விடுங்கள், அவர்களுக்கு அது ஆசை. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு புறப்படும் பழைய மொபெட்டுகளும், வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தண்ணீர் கேனும் மாவு மூட்டையும் சுமக்கும் பழைய ஸ்கூட்டர்களும், ஏதோ ஒரு குடும்பத்தின் அன்றாட வருமானம். ஹெட் கிடைக்கும்வரை வண்டி நிற்கட்டும் என்று சொல்லும் வசதி அந்தக் குடும்பங்களுக்கு இல்லை.

மரை ஏன் போகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிளக்கின் உடல் எஃகு. அது ஏறி உட்காரும் ஹெட், பெரும்பாலான வண்டிகளில், அலுமினியம். எஃகு மரையும் அலுமினிய மரையும் மோதினால் தோற்பது எப்போதும் அலுமினியம்தான். பரவலாகப் பயன்படும் பிளக்கின் விட்டம் 14 மில்லிமீட்டர், மரைக்கும் மரைக்கும் இடையே 1.25 மில்லிமீட்டர். அரை அங்குல நீளமுள்ள ஷார்ட் பிளக்குக்கு ஹெட்டில் கிடைப்பது சுமார் 10 சுற்று மரை மட்டுமே. அதில் முதல் இரண்டு மூன்று சுற்றுகள் சிதைந்தால் மீதமுள்ளவை மொத்தச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும். சில மாதங்களில் அவையும் போய்விடும். அப்படிப்பட்ட வண்டியில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், பிளக்கின் மரைப் பள்ளங்களில் வெள்ளை நிறத்தில் மெல்லிய அலுமினியக் கம்பி ஒன்று சுற்றிக்கொண்டு வெளியே வரும். அது கம்பியன்று, ஹெட்டிலிருந்து அப்படியே உரிந்து வந்த மரை.

சூடான எஞ்சினில் பிளக்கைக் கழற்றுவதும் மாட்டுவதும் முதல் காரணம். சூடேறும்போது அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து நின்றுபோன ஆட்டோவில், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே புதுப் பிளக்கை மாட்டி இறுக்கினால், விரிந்திருந்த ஹெட் ஆறும்போது சுருங்கிப் பிளக்கை இறுகக் கவ்விக்கொள்ளும். அடுத்த முறை அதை வலுக்கட்டாயமாகத் திருப்புகிறவர் மரையோடு சேர்த்தே திருப்புகிறார். எஞ்சின் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருந்தால் இது நேராது.

அடுத்த காரணம் அளவுக்கு மீறிய இறுக்கம். வாஷருடன் கூடிய 14 மில்லிமீட்டர் பிளக்கை அலுமினிய ஹெட்டில் இறுக்க 2.5 முதல் 3 கிலோகிராம்-மீட்டர் போதும். கால் மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 10 முதல் 12 கிலோ அழுத்தம் கொடுத்தால் அந்த அளவு வந்துவிடும். நம் பட்டறைகளில் பிளக் ஸ்பேனரின் கைப்பிடியில் அரை மீட்டர் பைப்பைச் செருகி முழு உடலையும் சாய்த்து இறுக்குகிற வழக்கம் இருக்கிறது; அந்த இறுக்கம் எத்தனை மடங்கு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 முதற்கொண்டு பல நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் இருப்பது 10 மில்லிமீட்டர் பிளக். அதற்கு 1 முதல் 1.2 கிலோகிராம்-மீட்டர்தான் தேவை, அதாவது பாதிக்கும் குறைவு. பழைய ஸ்கூட்டரில் பழகிய கை அதே பலத்தை இந்தச் சிறிய பிளக்கிலும் காட்டும்போது மரை நிற்காது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள்கூடப் புதிய 14 மில்லிமீட்டர் பிளக்கை விரலால் முழுவதும் ஏற்றிவிட்டு, வாஷர் ஹெட்டில் தொட்டபின் ஸ்பேனரால் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கி நிறுத்திவிடலாம். ஏற்கெனவே நசுங்கிய வாஷரானால் ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதுமானது. விரலால் ஏறாத பிளக் கோணலாகப் பிடித்திருக்கிறது என்றே பொருள். அங்கே ஸ்பேனரைத் தொடவே கூடாது.

நீளம் மாறிய பிளக்கை மாட்டுவதைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது. முக்கால் அங்குல லாங் பிளக் போட வேண்டிய ஹெட்டில் கையில் கிடைத்த ஷார்ட் பிளக்கை மாட்டினால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் பிளக் எட்டாத கீழ் மரைகள் எரியறையைப் பார்த்தபடி திறந்து கிடக்கும். அவற்றில் கரி படிந்து கல்லாக இறுகும். பின்னொரு நாள் சரியான லாங் பிளக்கை மாட்டும்போது அது கரியில் முட்டிக்கொண்டு நிற்க, மாட்டுகிறவர் இன்னும் கொஞ்சம் அழுத்த, மரை உரிந்துவிடும். மாறாக ஷார்ட் பிளக் ஹெட்டில் லாங் பிளக்கை மாட்டினால் பிஸ்டன் அதில் மோதக்கூடும். மோதாவிட்டாலும் எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கரி படிந்து, கழற்றும்போது ஹெட்டின் மரையை அறுத்துக்கொண்டு வரும். கடற்கரையோரம் ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்பு ஐஸ் தண்ணீர் பிளக்கைச் சுற்றித் தேங்கி, எஃகும் அலுமினியமும் சேரும் இடத்தில் வெண்மையான உப்பாகப் பூத்து, பிளக்கை இறுக்கிவிடுகிறது. அத்தகைய வண்டிகளின் பிளக்கை மாதம் ஒரு முறையாவது குளிர்ந்த நிலையில் கழற்றித் துடைத்து மாட்டுவது நல்லது.

இனி, மரை போன பிறகு நடக்கும் வேலைகளைப் பார்ப்போம். வெள்ளை டெஃப்லான் டேப்பைப் பிளக்கில் சுற்றி ஏற்றுகிறார்கள். குழாய்க்குப் போடும் எம்சீலை அப்பி மறுநாள் காலையில் வண்டியைக் கொடுக்கிறார்கள். மெல்லிய செம்புக் கம்பியை மரையில் சுற்றித் திருகுகிறார்கள். துளையைச் சுற்றி உளியால் கொத்தி அலுமினியத்தை உள்ளே நெருக்குகிறார்கள். பெட்ரோல் எஞ்சினில் எரியும் நேரத்தில் எழும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 முதல் 40 கிலோ வரை போகும். 14 மில்லிமீட்டர் துளையின் பரப்பு சுமார் ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். ஆக, ஒவ்வொரு வெடிப்பிலும் 45 முதல் 60 கிலோ விசை அந்தப் பிளக்கை வெளியே தள்ளப் பார்க்கிறது. எஞ்சின் ஓடும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை தள்ளுகிறது. எம்சீலும் டேப்பும் அந்தச் சூட்டிலும் அந்த விசையிலும் எத்தனை நாள் நிற்கும்? பிளக் தெறித்துக் கழன்றால், எரியக்கூடிய கலவை அந்தத் துளை வழியாகப் பீறிடும்; பக்கத்திலேயே பொறி விடும் பிளக் வயர் தொங்கிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் இருக்கைக்கும் பயணிகளுக்கும் அருகே எஞ்சினை வைத்திருக்கிற ஆட்டோவில் இதை யாரும் சின்ன ஒழுகலாக நினைத்துவிடக் கூடாது. தெறிக்காவிட்டாலும் தீங்கு உண்டு. பிளக் தன் சூட்டை வாஷர் வழியாகவும் மரை வழியாகவுமே ஹெட்டுக்குக் கடத்துகிறது. அந்தத் தொடர்பு அறுந்தால் பிளக்கின் முனை செக்கச் சிவந்து, பொறி வரும் முன்பே கலவையைப் பற்றவைத்து, பிஸ்டனை ஓட்டை போட்டுவிடும்.

முறையான பழுதுபார்ப்பு மூன்று வகைப்படும். எது எப்போது என்று தெரிந்து செய்வதில்தான் தொழில் இருக்கிறது. மேல் மரைகள் மட்டும் நசுங்கியிருந்தால், அல்லது கரி அடைத்திருந்தால், மரை வெட்டும் கருவியான டேப்பை, அதே அளவில் எடுத்துக் கிரீஸ் தடவி நிதானமாக ஓட்டிச் சுத்தம் செய்தாலே போதும். அம்பாசிடர் போன்ற வார்ப்பிரும்பு ஹெட் உள்ள கார்களில் பெரும்பாலும் இதற்கு மேல் தேவைப்படாது. பிரீமியர் பத்மினியிலும் மாருதி 800-லும் ஹெட் அலுமினியம் என்பதால் நிலைமை வேறு.

மரை முழுவதும் உரிந்திருந்தால் ஹெலிகாயில் போடலாம். இது கடினமான துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுருட்டிச் செய்த மரைச் சுருள். கம்பியின் குறுக்குவெட்டு வைர வடிவில் இருப்பதால் அதன் வெளிப்பக்கம் ஹெட்டிலும் உட்பக்கம் பிளக்கிலும் மரையாகப் பொருந்தும். இதற்கென்றே விற்கப்படும் டேப்பின் முனைப்பகுதி பழைய 14 மில்லிமீட்டர் துளையில் எஞ்சியிருக்கும் மரையைப் பிடித்துக்கொண்டு நேராக இறங்க, பின்பகுதி 15.6 மில்லிமீட்டர் அளவில் புது மரை வெட்டிக்கொண்டே போகும். ஆகவே துளை கோணலாகும் அச்சம் குறைவு. அலுமினியத்தில் டேப் அடிக்கும்போது மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே போனால் கால் சுற்றுப் பின்னே வந்து பிசிறை உடைக்க வேண்டும். ஒரே மூச்சில் இறக்கினால் புது மரையும் கிழிந்துவிடும். பிறகு சுருளை அதற்குரிய கருவியில் மாட்டி, ஹெட்டின் மேல்முகத்திலிருந்து கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை உள்ளே தள்ளி நிற்கும்படி ஏற்ற வேண்டும். மேலே துருத்திக்கொண்டு நின்றால் பிளக்கின் வாஷர் சமமாக உட்காராது. சுருளின் அடியில் குறுக்காக ஒரு சிறு கொக்கி இருக்கும். சுருளை ஏற்றுவதற்கான பிடி அது. ஏற்றி முடித்ததும் நீண்ட மூக்குக் குறடால் அதைப் பிடித்துக்கொண்டே உடைத்து வெளியே எடுக்க வேண்டும். ஹெட் எஞ்சின் மேலேயே இருக்கும்போது அதைத் தட்டி உடைத்து உள்ளே விழவிட்டால், அந்தச் சிறு எஃகுத் துண்டு சிலிண்டரைக் கீறி ஒரு கோடு போடும். அதன்பின் சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்கும் செலவும் சேர்ந்துகொள்ளும்.

துளை ஹெலிகாயில் தாங்காத அளவுக்குப் பெரிதாகிவிட்டால், அல்லது முன்பு யாரோ போட்ட சுருளே கழன்று வந்தால், லேத்தில் கடைந்த புஷ்தான், அதாவது உள்ளும் புறமும் மரை வெட்டிய சிறு குழாய்தான், சரி. வெளியே 18 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட மரை, உள்ளே 14-க்கு 1.25 மரை: இதுவே வழக்கமான அளவு. மரைப் பள்ளங்களைக் கழித்துவிட்டால் புஷ்ஷின் சுவரில் மிஞ்சுவது சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் என்பதால், உள்மரையும் வெளிமரையும் ஒரே மையத்தில் அமைய வேண்டும். ஒரு முறை பிடித்ததைக் கழற்றாமல் ஒரே செட்டிங்கில் லேத்தில் கடைந்தால்தான் அது அமையும். வைஸில் பிடித்துக் கையால் டேப் அடித்த புஷ்ஷை நான் ஏற்பதில்லை. எஃகிலும் செய்யலாம், நல்ல பித்தளையிலும் செய்யலாம்; பித்தளையின் விரிவு எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இடைப்பட்டதாக இருப்பது ஒரு வசதி. மேலே சிறு விளிம்பு வைத்து, அந்த விளிம்பு முழுவதும் ஹெட்டில் படியும்படி ஹெட்டின் முகத்தை அறுத்துக்கொடுக்க வேண்டும். புஷ்ஷின் நீளம் பிளக்கின் மரை நீளத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். ஷார்ட் பிளக்குக்கு 12.7, லாங் பிளக்குக்கு 19 மில்லிமீட்டர். எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் புஷ்ஷின் ஓரம் எரிந்து சிவந்து, முன்சொன்ன முன்கூட்டிய பற்றலை உண்டாக்கும். நீளம் குறைந்தால் பிளக்கின் மரை வெளியே தெரிந்து கரி பிடிக்கும். புஷ் பிளக்கோடு சேர்ந்து கழன்று வராமல் இருக்க, எரியறைப் பக்கத்தில் அதன் ஓரத்தைச் சில இடங்களில் பஞ்ச் வைத்துத் தட்டி விரித்துவிட வேண்டும். பசையை மட்டும் நம்பிப் போட்ட புஷ் அந்தச் சூட்டில் நிலைக்காது.

இப்படிப் போட்ட மரை பழையதைவிட வலுவானது என்று நான் முதலிலேயே சொன்னேன். ஹெலிகாயிலிலும் எஃகுப் புஷ்ஷிலும் பிளக்கின் எஃகு மரை எஃகு மரையிலேயே ஏறி இறங்குகிறது. ஆகவே கழற்றி மாட்டுவதால் தேய்மானம் அநேகமாக இல்லை. அலுமினியத்தில் நிரந்தரமாக நிற்கும் வெளிமரையின் விட்டமும் முன்பைவிடப் பெரிது என்பதால், சுமை கூடுதலான பரப்பில் பரவுகிறது. சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்களில் அலுமினிய ஹெட்டின் பிளக் துளைக்குத் தொடக்கத்திலேயே இத்தகைய எஃகுச் சுருளைப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். வானத்தில் பறக்கும் எஞ்சினுக்குத் தகுந்த முறை, மின்ட் தெருவில் ஓடும் ஸ்கூட்டருக்குத் தகாது என்று சொல்ல முடியாது.

ஹெட்டைக் கழற்றித்தான் செய்ய வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒற்றை சிலிண்டர் வண்டியானால் கழற்றுவதே சரி. இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் சில நட்டுகளை அவிழ்த்தால் ஹெட் கையில் வந்துவிடும். கழற்றாமல் டேப் அடித்தால் பிசிறு போர்ட் வழியாக எஞ்சினின் அடிப்பாகமான கிராங்க் கேஸுக்குள் இறங்கிப் பேரிங்கைத் தின்றுவிடும். அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த எஞ்சினைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. நான்கு சிலிண்டர், மூன்று சிலிண்டர் கார்களில் ஹெட்டை இறக்குவது பெரிய வேலை, கேஸ்கெட் செலவும் உண்டு. ஆகவே அங்கே மட்டும் டேப்பின் பள்ளங்களில் கெட்டியாகக் கிரீஸ் அடைத்து, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து, கடைசியில் மெல்லிய குழாயை உள்ளே விட்டு வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுத்துச் செய்யலாம். பொறுமையில்லாதவர் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

எல்லா ஹெட்டையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பிளக் துளைக்கும் வால்வு சீட்டுக்கும் இடையே விரிசல் விட்டிருந்தால் புஷ் போடுவதில் பயனில்லை. ஹெட்டை நன்றாகத் துடைத்து, சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு, துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்தால், விரிசல் இருக்கும் இடத்தில் மண்ணெண்ணெய் ஊறி ஒரு கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் ஆர்கான் வெல்டிங் செய்து துளையை நிரப்பிப் புதிதாகக் கடைய வேண்டும். அந்தச் சூட்டில் ஹெட் வளையும், முகத்தை மறுபடி சமன் செய்ய வேண்டும். கிடைக்கவே கிடைக்காத ஹெட்டுக்கு மட்டுமே அவ்வளவு செலவு தகும். ஆனால் அந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல், மரை போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல ஹெட்டை எடைக்குப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கே மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சாலையோரத்தில் ஒரு டூல் பாக்ஸுடன் தொழில் செய்கிற தம்பிக்கு, வாடிக்கையாளர் அரை மணி நேரம்கூடக் கொடுப்பதில்லை. லேத்துக்கு அனுப்பினால் நாளாகும், செலவாகும் என்று வண்டிக்காரரே எம்சீல் அப்பச் சொல்லி நெருக்குகிறார். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் 2 ஆண்டுகள் படிக்கும் மாணவர்கள் ஒவ்வொருவரும், பழைய அலுமினிய ஹெட் ஒன்றை வைத்துக்கொண்டு, தம் கையாலேயே மரையைக் கெடுத்து, தம் கையாலேயே சுருள் போட்டு, டார்க் ரெஞ்சில் பிளக்கை இறுக்கிப் பழக வேண்டும் என்பது என் வேண்டுகோள். எடைக்குப் போகும் ஹெட்களே இதற்குப் போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பகுதி வாரியாக மெக்கானிக்குகள் நடத்தும் சங்கங்கள், சுருள் போடும் டேப் செட் ஒன்றையும் டார்க் ரெஞ்ச் ஒன்றையும் பொதுவில் வாங்கி வைத்து, தேவைப்படும் உறுப்பினருக்கு இரவல் கொடுக்கலாம்.

உதிரிபாகக் கடைக்காரர்களிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. பிளக் கேட்டு வருகிறவரிடம், ‘இது போதும், இதே மாதிரிதான்’ என்று கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்பாமல், வண்டியின் மாடலைக் கேட்டு, அதற்குரிய எண் உள்ள பிளக்கை மட்டும் கொடுக்க வேண்டும். அந்த எண் இருப்பில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். வாங்குகிறவர்களும் பழைய பிளக்கைக் கையோடு கொண்டுபோய், புதியதன் அருகே வைத்து, மரையின் நீளம் ஒன்றாக இருக்கிறதா, வாஷர் அதிலேயே இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். பழைய பிளக்கே தவறான நீளமாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் இருப்பவர்கள், வண்டியுடன் வந்த கையேட்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.

இப்படிக்கு,
லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 600 081.